மிம்பரில் வட்டி ஹராம்; வீட்டில் மாதத் தவணை



குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள்களிலும் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் நிறைந்துவிடும். நனைந்த குடைகள் வாசற்சுவரில் சாய்ந்திருக்கும். இமாம் வட்டியின் கேட்டை எடுத்துரைப்பார். அல்பகரா அத்தியாயம் வட்டிக்கு எதிராக விடுக்கும் கடும் எச்சரிக்கையை நினைவூட்டுவார். எல்லோரும் தலைகுனிந்து கேட்போம். தொழுகை முடிந்து வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால், ஐந்தாம் தேதித் தவணைக்குக் கணக்கில் பணம் வைத்திருக்குமாறு வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி காத்திருக்கும். அதே ஸஃப்பில் நின்று தொழுத இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி வந்தது என்று இமாம் கேட்டதில்லை; நிர்வாகமும் கேட்டதில்லை; நாங்களும் சொன்னதில்லை.

இனியும் சொல்லாதிருப்பது சரியல்ல என்பதால் இதை எழுதுகிறோம். வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்கிவிட்டு, தன் பிள்ளைகளைக் கல்விக் கடனுக்காக வங்கி வாசலில் தனியே நிறுத்தும் சமுதாயம், மார்க்கத்தின் கட்டளையில் பாதியை மட்டுமே நிறைவேற்றியிருக்கிறது. தடுப்பது ஒரு பாதி; தடுக்கப்பட்டதற்கு மாற்றாக ஆகுமான வழியைத் திறந்துவைப்பது மறுபாதி. அந்த மறுபாதியை நாம் அனைவரும் சேர்ந்து கைவிட்டோம். நிர்ப்பந்த நிலையில் இத்தகைய கடன் பெறலாமா என்பதில் ஆலிம்கள் பேசிய பேச்சுகள் உண்டு. ஃபத்வா சொல்வது எங்கள் வேலையன்று. கடனில் விழுந்து, எழுந்து வந்தவர்கள் என்ற முறையில் கண்டதைச் சொல்கிறோம்.

எங்கள் கணக்கு

நாங்கள் கணவனும் மனைவியும். ஒருவர் குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்பவர். மற்றவர் மருந்துக்கடையில் மருந்தாளுநர். ஒருவருடைய அத்தா வர்க்கி போடும் அடுமனைத் தொழிலாளி. மற்றவருடைய அத்தா கடைவீதியில் தள்ளுவண்டி வைத்திருந்தவர். இரண்டு வீட்டிலும் பட்டப்படிப்புக்குப் போன முதல் பிள்ளைகள் நாங்களே. 2014-இல் சேர்ந்து 2018-இல் முடித்தோம். பொறியியலுக்கு 4 லட்சம், மருந்தியலுக்கு 2 லட்சம், ஆக 6 லட்சம் ரூபாய் கடன். வட்டி 11 சதவீதம்.

படிக்கும் காலத்திலும், அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று சொன்னார்கள். அதைச் சலுகை என்று நம்பினோம். தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு ஓய்வில்லை. 2019-இல் நிகாஹ் முடிந்த கையோடு இருவரும் கடன் புத்தகங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, 6 லட்சம் 8 லட்சத்து 31 ஆயிரமாகியிருந்தது. ஒரு ரூபாய்கூடச் சம்பாதிப்பதற்கு முன்பே எங்கள் தலையில் ஏறிய வட்டி 2 லட்சத்து 31 ஆயிரம்.

இதில் எங்கள் அறியாமைக்கும் பங்குண்டு. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் நாட்டுக்குள் தொழிற்படிப்புப் படித்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வருமானச் சான்றிதழைக் கொடுத்து உரிய நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. கையெழுத்து வாங்கிய மேசையில் இருந்தவர்களும் சொல்லவில்லை. கல்லூரிக்குத் தரச்சான்று வேண்டும் என்பது போன்ற விதிகள் பின்னர் சேர்ந்துகொண்டன. ஆனால் நாங்கள் சேர்ந்த ஆண்டில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். எங்கள் மஹல்லாவில் திருமண மண்டபத்துக்குப் பொறுப்பாளர் இருந்தார்; ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாளர் இருந்தார். பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் இந்த ஒரு தகவலைச் சொல்ல எவரும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தின் விலை எங்கள் வீட்டுக்கு 2 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய்.

மேலும் கேளுங்கள். 8 லட்சத்து 31 ஆயிரத்தைப் பதினைந்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் சுமார் 9,450 ரூபாய். மொத்தம் 17 லட்சம். பத்து ஆண்டுகளில் என்றால் மாதம் 11,450. மொத்தம் 13 லட்சத்து 74 ஆயிரம். ஐந்து ஆண்டுகளில் என்றால் மாதம் 18,070. மொத்தம் 10 லட்சத்து 84 ஆயிரம். சிறிய தவணை எளிதாகத் தோன்றும். நீண்ட காலம் அன்பாகத் தோன்றும். அந்த எளிமைக்கும் அன்புக்கும் 6 லட்சத்துக்கு மேல் விலை வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மலையில் வாழ்வோருக்கு இதை வேறு அளவிலும் சொல்லலாம். பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு குறைந்தபட்ச விலை கேட்டு 2023 செப்டம்பரில் இங்குள்ள சிறு தேயிலை விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 11,450 ரூபாய்த் தவணைக்கு மாதந்தோறும் 570 கிலோவுக்கு மேல் கொழுந்து விற்க வேண்டும். பறிப்புக் கூலி, உரம், கவாத்துச் செலவு போக அல்ல, எதுவும் போகாமலே. அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய்க் கடனில் படிக்கும்போது, அந்தக் குடும்பம் எதைப் பணயம் வைக்கிறது என்பதற்கு இதுவே அளவு.

காத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

எங்களோடு படித்தவர்களில் சிலர் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது கல்விக் கடன் தள்ளுபடி வாக்குறுதியாக ஒலித்தது. எப்படியும் தள்ளுபடியாகும், எதற்குக் கட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் காத்திருந்தார்கள், வட்டி காத்திருக்கவில்லை. இன்று அவர்களில் ஒருவர் சொந்தக் கடைக்கு இருசக்கர வாகனம் வாங்கக்கூடத் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாமல், சிபில் மதிப்பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அரசிடம் உரிமை கேட்பது வேறு. வாக்குறுதியை நம்பிப் பொறுப்பை நிறுத்திவைப்பது வேறு.

வருமான வரிச் சட்டம் கல்விக் கடன் வட்டிக்கு விலக்கு அளிக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

2016 ஜூலையில் மதுரையில் பொறியியல் பட்டதாரி ஒருவர் கல்விக் கடன் வசூல் நெருக்கடிக்கு நடுவே உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எந்தச் சமுதாயத்தவர் என்பது இங்கே கேள்வியல்ல. படித்து வேலை கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கு வசூல்காரர் வருவதும், பெற்றோர் தெருவில் தலைகுனிவதும், எந்த வீட்டிலும் நடக்கலாம். கடனில் மூழ்கியவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மாறு செய்ய நேர்கிறது என்று காரணம் காட்டி, தம் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடியவர்கள் நபி (ஸல்) அவர்கள். இந்த நபிமொழி புகாரியில் இருக்கிறது. அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன் என்று தொலைபேசியில் பொய் சொல்லிப் பழகிய எவருக்கும் அதன் பொருள் விளக்கமின்றிப் புரியும்.

எங்களுக்கு அதைப் புரியவைத்தவர் அத்தா. கடன் பத்திரத்தில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கடன்பட்டு இறந்தவருக்கு, அந்தக் கடனை அபூகதாதா (ரலி) ஏற்றுக்கொள்ளும்வரை நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுவிக்க முன்வரவில்லை என்ற செய்தியை அத்தா எங்கோ பயானில் கேட்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரே கேள்வி: “இன்னும் எவ்வளவு இருக்கு?” முப்பது ஆண்டுகள் அடுப்பு வெக்கையில் நின்று, யாரிடமும் கைமாற்று வாங்காத மனிதர், மகனைப் படிக்கவைத்த குற்றத்துக்காகத் தன் கப்ரை நினைத்து அஞ்சினார்.

எது சிக்கனம்?

பத்து ஆண்டுகள் என்று வங்கி போட்ட கணக்கை ஐந்து ஆண்டுகளாகக் குறைப்பது என்று முடிவெடுத்தோம். கூடுதலாகச் செலுத்தும் தொகைக்குக் கல்விக் கடனில் அபராதம் இல்லை. இருவர் சம்பளமும் சேர்ந்து அப்போது 34,000 ரூபாய். 18,000 கடனுக்கு, மீதி 16,000-இல் வாழ்க்கை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பசுமை வாழ்வு, எளிய வாழ்வு என்ற பெயர்களில் இன்று ஊட்டியிலும் குன்னூரிலும் விற்கப்படுவது வேறொரு சரக்கு. மூங்கில் பல்துலக்கி, கைத்தறிப் பையில் சுற்றிய சோப்பு, மரத்தாலான விடுதியில் ஓர் இரவு என்று எளிமைக்கே விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். எங்கள் பாட்டிமார் வாழ்ந்த வாழ்க்கையைச் சுற்றுலாப் பயணிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் சொல்வது அதுவன்று.

நாங்கள் ஊருக்கு வெளியே 3,500 ரூபாய் வாடகையில் பழைய ஓட்டு வீட்டுக்குப் போனோம். வேலியில் ஒரு மேரக்காய்க் கொடி ஏற்கெனவே படர்ந்திருந்தது. அது எங்களைக் கேட்காமலே காய்த்துக் கொட்டியது. பின்புறச் சரிவில் பீன்ஸ், கீரை, ஒரு மரத்தக்காளி. அடுப்படிக் கழிவு அனைத்தும் அந்தச் செடிகளுக்கே போயிற்று. குளிக்க வெந்நீர் வைக்கத் தோட்டத்தில் கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளைக் கட்டாக வாங்கினோம். எரிவாயு உருளை இரண்டு மாதத்துக்கு மேல் வந்தது. வண்டி வாங்கவில்லை, அரசுப் பேருந்து, இல்லையேல் நடை. காய்கறியை உழவர் சந்தையில் வாங்கினோம். கம்பளிச் சட்டை கிழிந்தால் தைத்தோம். பிளாஸ்டிக் பைக்கு இம்மாவட்டத்தில் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டதால், துணிப்பை எங்களுக்குப் புதுமையல்ல.

இதில் வீரம் ஒன்றுமில்லை. இந்த மலையில் பெரும்பாலானோர் இப்படித்தான் வாழ்கிறார்கள். பட்டம் பெற்றபின் நாங்கள்தான் இதிலிருந்து விலகப் பார்த்தோம். ஏறக்குறைய ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், உளூச் செய்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தச் சுன்னத்தை நாம் தண்ணீர்க் குழாயடியில் மட்டும் நிறுத்திவைத்திருக்கிறோம். திருக்குர்ஆன் பதினேழாம் அத்தியாயத்தில் வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று கண்டிப்பதற்கு முன், உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்கிறது. இந்த வரிசை எங்களைச் சிந்திக்கவைத்தது. விரயத்தைத் தவிர்ப்பதன் நோக்கம் சேர்த்துவைப்பதன்று. அடுத்தவருக்கு உரியது அவரைச் சென்றடைய வேண்டும் என்பதே. எங்கள் 18,000 ரூபாயும் அப்படித்தான். அது கடன் கொடுத்தவருக்கு உரியது. அதை எடுத்து உணவகத்தில் செலவிட்டால், நாங்கள் விருந்துண்பது பிறர் பணத்தில்.

சிக்கனம் மட்டும் போதாது

இந்த இடத்தில் பலர் கட்டுரையை முடித்துவிடுவார்கள்: செலவைக் குறையுங்கள், கடனை அடையுங்கள், நாற்பது வயதில் நிதிச் சுதந்திரம் பெறுங்கள். மேலை நாடுகளில் புறப்பட்ட இந்த உபதேசம் இன்று தமிழ்க் காணொளிகளிலும் நிரம்பி வழிகிறது. இதை நாங்கள் மறுக்கிறோம்.

முதலாவது, எங்களால் முடிந்ததற்குக் காரணம் இருவருக்கும் வேலை இருந்ததுதான். தனி ஆளாக 14,000 ரூபாய் சம்பளத்தில், வயதான பெற்றோரையும் தங்கையையும் வைத்துக்கொண்டு இருப்பவன் எதைக் குறைப்பான்? மேரக்காய்க் குழம்பு வைத்து எவரும் 17 லட்சத்தை அடைத்துவிட முடியாது. அவனிடம் சிக்கனத்தை உபதேசிப்பது, பசித்தவனிடம் நோன்பின் சிறப்பைப் பேசுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, எங்கள் கணக்கிலேயே ஓர் ஓட்டை விழுந்தது. 2020-இல் ஊரடங்கு வந்து ஒருவர் சம்பளம் பாதியானது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, வட்டியோ ஓடிக்கொண்டேயிருந்தது. இரண்டு மாதம் தள்ளிவைத்தோம். கணக்கைப் பார்த்துப் பயந்து, ஜமாஅத் நிர்வாகத்தில் 30,000 ரூபாய் கைக்கடன் கேட்டோம். பைத்துல்மாலில் அப்படி ஒரு கணக்குத் தலைப்பே இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை; உண்மையிலேயே இல்லை. ஆனால் முந்தைய ஆண்டுதான் முகப்பு அலங்கார வளைவுக்கும் தொங்கு விளக்குக்கும் இதைப் போலப் பன்மடங்கு தொகை ஒரே மாதத்தில் திரண்டிருந்தது.

கொடுத்தவர், கடைவீதியில் தையற்கடை வைத்திருக்கும் முதியவர். அவர் வீட்டுக் கூரையில் அப்போது மழை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு தாளை எடுத்து, தொகை, தேதி, இரு சாட்சிகளின் பெயர் என்று எழுதச் சொன்னார். “கடனை எழுதிவைக்கச் சொல்லியிருக்கு தம்பி, அதனால எழுதுறோம். திருப்பித் தர்ற தேதியை மட்டும் எழுத வேணாம், முடியறப்ப குடுங்க,” என்றார். கடன் பத்திரத்தைப் பற்றிய வசனமும், நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் வசனமும் அல்பகராவில் அருகருகே இருக்கின்றன. அவற்றை வாழ்ந்து காட்டியவர் ஒரு தையற்காரர். பதினான்கு மாதங்களில் அதைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த 30,000 ரூபாயில் இருந்த பரக்கத், வங்கி தந்த 6 லட்சத்தில் இல்லை.

ஆகவே நிதிச் சுதந்திரம் என்ற சொல்லையே நாங்கள் வேறு பொருளில் எடுத்துக்கொள்கிறோம். எவரையும் சாராமல், எவருக்கும் கடமைப்படாமல் தனித்து வாழ்வது எங்கள் இலக்கன்று. வட்டிக்காரரைச் சாராதிருப்பதற்காகச் சகோதரர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருப்பதே நாங்கள் கண்ட விடுதலை.

குறுக்குவழியின் விலை

இந்த ஏக்கத்தை விற்றுப் பிழைப்பவர்களும் உண்டு. ஹலால் முதலீடு, மாத லாபம் என்ற பெயரில் பணம் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தது. நிறுவனர் நாட்டைவிட்டே வெளியேறி, அடுத்த மாதம் திரும்பியபோது கைது செய்யப்பட்டார். பல்லாயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் நம் சமுதாயத்தவர், மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் வைத்திருந்த சேமிப்பை இழந்தார்கள். தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கைக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வட்டியில்லா வங்கி வந்தால் எல்லாம் தீரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. வட்டியில்லா நிதிச் சேவைக்கு வழி காண வேண்டும் என்று ரகுராம் ராஜன் குழு 2008-இல் பரிந்துரைத்தது. அந்த யோசனையை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்ற ரிசர்வ் வங்கியின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. வாசல் திறக்கும்வரை வெளியே நின்று புலம்பலாம். அல்லது நம் மஹல்லாவுக்குள் நம் கைக்கு எட்டியதைச் செய்யலாம்.

முன்னோர் செய்தார்கள்

நமக்கு வழி தெரியாது என்று சொல்ல முடியாது. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பியவர்களும், திருச்சியில் 1951-இல் ஜமால் முகமது கல்லூரியை நிறுவிய ஜமால் முகமது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் பிள்ளைகளிடம் கடன் பத்திரம் நீட்டவில்லை. தம் செல்வத்தைக் கல்விக்காக எழுதிவைத்தார்கள். தோலும் துணியும் விற்றுச் சேர்த்த பணம் வகுப்பறையாயிற்று. அந்தத் தலைமுறையைவிட இன்றைய நாம் ஏழைகளா? நம் வலீமாக்களின் இலை எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

2006-இல் வெளியான சச்சார் அறிக்கை, நாட்டின் இருபது வயது கடந்த முஸ்லிம்களில் பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னபோது மாநாடு நடத்தினோம், வேதனை தெரிவித்தோம். பிள்ளைகள் அந்த வேதனையைத் தீர்க்கப் படிக்கப் போனார்கள். செலவை மட்டும் அவர்கள் தலையில் வைத்தோம்.

மஹல்லா செய்யக்கூடியது

குற்றம் சொல்வதோடு நிறுத்தினால் நாங்களும் அந்தப் பாதி முழக்கத்தில்தான் சேர்ந்தவர்களாவோம். எனவே மூன்றைக் கோருகிறோம்.

முதலாவது, கடனே வாங்காமல் படிக்கும் வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது. உதகை அரசு கலைக் கல்லூரி 1955-லிருந்து இம்மலையில் இருக்கிறது. கூடலூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கலந்தாய்வில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் மூன்றரை சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தோருக்குத் தொழிற்படிப்புகளில் ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கடன் தவிர்க்க முடியாதென்றால், வட்டி மானியத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதையாவது சொல்லுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். மே மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரமும், விவரம் தெரிந்த ஓர் ஆசிரியரும் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு மஹல்லாவிலும் கல்விக்கான அழகிய கடன் நிதி. 250 வீடுகள் கொண்ட மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். ஆறு பிள்ளைகளுக்குத் தலா 50,000 ரூபாய். வேலை கிடைத்தபின் மாதம் 1,000 வீதம் திருப்பினால் ஐம்பது மாதங்களில் அது அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இதை நன்கொடையாக மட்டுமே வாங்க வேண்டும். லாபம் தருவதாகவோ வைப்புத்தொகையாகவோ ஒரு ரூபாயும் வாங்கலாகாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019-இல் வந்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் ஐ.எம்.ஏ. கற்பித்த பாடம் போதும். சங்கமாகப் பதிவு செய்யுங்கள். கணக்கை ஆண்டுக்கொரு முறை எல்லோர் முன்னும் வாசியுங்கள். கடன் பெற்ற பிள்ளையின் பெயரை மட்டும் வாசிக்காதீர்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே கடனில் தவிப்போர். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு என்பதைத் திருக்குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது. ரமலானில் அரிசி மூட்டைகளாகப் பிரிக்கப்படும் ஜகாத்தில் இந்த வகையினரை எத்தனை ஊர்கள் நினைத்துப் பார்க்கின்றன? எவர் தகுதியுடையவர் என்பதை ஆலிம்கள் ஆராய்ந்து சொல்லட்டும். ஆராய்வதற்காவது ஒரு பட்டியல் வேண்டுமல்லவா?

இவற்றுக்குப் பணம் எங்கே என்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். ஒரு திருமணத்தில் மிஞ்சிக் குழியில் கொட்டப்படும் பிரியாணியின் விலை என்ன? அதை இரண்டாம் தட்டு வைக்காமல் நிறுத்தினால் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணம். ஒரு மண்டபத்தின் மின்விளக்குத் தோரணம் இன்னொரு பிள்ளையின் விடுதிச் செலவு. விரயம் செய்யாத வாழ்வு என்பது வீட்டுக்குள் எரிவாயுவைச் சேமிப்பதோடு முடிவதன்று. ஊர் விருந்தில் தொடங்க வேண்டியது.

இறுதியாக

ஸுபைர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது பெரும் கடன் விட்டுச் சென்றார்கள். மகன் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அடைத்தார்; அதன் பிறகும் வாரிசுகளுக்குப் பங்கிடாமல், என் தந்தையிடம் எவருக்கேனும் கொடுக்கல் உண்டா என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்துக் காத்திருந்தார். புகாரியில் நீண்டு செல்லும் இந்த வரலாற்றை எங்கள் வீட்டில் பலமுறை பேசியிருக்கிறோம். கடனை அடைப்பது இபாதத்தாக இருந்த காலம் அது.

2024-இன் இறுதியில் எங்கள் கடைசித் தவணை முடிந்தது. 6 லட்சத்துக்குச் சற்றேறக்குறைய 11 லட்சம் கட்டியிருந்தோம். வங்கி தந்த நிலுவையின்மைச் சான்றை அத்தாவின் கையில் கொடுத்தோம். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அதை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று அஸர் தொழுகைக்கு அதோடுதான் போனார். அடுத்த மாதத்திலிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இப்போது அந்த 18,000 ரூபாய் எங்கள் கையில் மிஞ்சுகிறது. வாடகை வீடு மாறவில்லை. கொடி இன்னும் காய்க்கிறது. மிஞ்சுவதில் ஒரு பகுதி, கூடலூர்ப் பக்கம் செவிலியர் படிப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அழகிய கடனாகப் போகிறது. தையற்கடை முதியவர் செய்ததைப் போல், ஒரு தாளில் எழுதி, திருப்பும் தேதியை எழுதாமல். ஒரு வீட்டால் ஒரு பிள்ளைக்குத்தான் முடியும். 250 வீடுகளால் எத்தனை பிள்ளைகளுக்கு முடியும் என்பதை உங்கள் மஹல்லாவின் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பதில் சொல்லும்வரை கேளுங்கள்.

கடனின் சுமையிலிருந்தும் பிறர் ஆதிக்கத்திலிருந்தும் நம் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆகுமானதைக் கொண்டு நமக்குப் போதுமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.